2¹²⁷ − 1: அண்டை எண்களால் அடையாளம் பெற்ற ஒரு பகா எண்

170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்க எண் ஒரு பகா எண். அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. ஆனால் 39 இலக்கப் பகா எண்கள் அரியவை அல்ல. பகா எண்கள் எந்த அளவு நெருக்கமாக அமையும் என்பதை மதிப்பிடும் பகா எண் தேற்றத்தின்படி, இந்த எண்ணின் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 88 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். 39 இலக்கப் பகா எண்களின் மொத்தத் தொகை மட்டுமே சுமார் 10³⁷. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னால் இன்றைய சாதாரணக் கணினி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தந்துவிடும். அப்படியிருந்தும், 1876 முதல் 1951 வரை 75 ஆண்டுகள் உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக நிலைத்ததும், பிற்காலத்தில் கணினிக் குறியாக்கத்தில் இடம் பிடித்ததும் அந்தப் பெருங்கூட்டத்தில் இந்த ஒன்றுதான். காரணம் அதன் பருமனில் இல்லை. அதனுடன் 1ஐக் கூட்டினால் 2¹²⁷ கிடைக்கிறது: 2ஐத் தவிர வேறு காரணியே இல்லாத எண். இந்தப் பகா எண்ணின் சிறப்புக் குணங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த மேலண்டை எண்ணிலிருந்தும், ஓரளவு கீழண்டை எண்ணிலிருந்தும் பிறப்பவை என்பதே இக்கட்டுரை சொல்ல முற்படுவது.

2இன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். பாரிஸில் வாழ்ந்த துறவி மரென் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே இத்தகைய பகா எண்களைத் தரும் என்று எழுதினார். எப்படிக் கண்டார் என்பதற்கு விளக்கம் இல்லை. அந்தக் காலத்தில் 2¹²⁷ − 1ஐயோ 2²⁵⁷ − 1ஐயோ சோதித்துப் பார்க்க எவரிடமும் வழி இருந்ததில்லை. ஆகவே பட்டியலின் பிற்பகுதியை ஊகம் என்றுதான் கொள்ள வேண்டும். அந்த ஊகத்தில் 67உம் 257உம் தவறு; 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுப்போயின. 127 மட்டும் சரியாக அமைந்தது. இப்போது நாம் அறிந்த வரிசையில் அது 12ஆவது மெர்சென் பகா எண். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி: 2¹²⁶ × (2¹²⁷ − 1) என்னும் 77 இலக்க எண், தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் அனைத்தின் கூட்டுத்தொகைக்குச் சமம்.

இவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று நிறுவ, வகுத்துப் பார்க்கும் பழைய வழி உதவாது. 1772இல் ஆய்லர் 2³¹ − 1ஐப் பகா எண் என்று அறிவித்தபோது அவர் பின்பற்றியது வகுத்தல் முறைதான். அதை ஓர் அழகான குறுக்குவழி சுருக்கிக் கொடுத்தது. அடுக்கு 2ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால், அந்த மெர்சென் எண்ணைப் பிளக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் அடுக்கின் இருமடங்கினுடைய மடங்கைவிட 1 கூடியதாக இருக்க வேண்டும். அதோடு 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரவும் வேண்டும். நம் எண்ணுக்கு இதைப் பொருத்தினால், காரணி என்று ஒன்று இருந்தால் அது 254இன் ஏதோ ஒரு மடங்கைவிட 1 கூடியது. இந்த வடிகட்டல் பெரிய உதவிதான். ஆனால் 2¹²⁷ − 1இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. வடிகட்டிய பிறகும் சோதிக்க வேண்டிய எண்கள் சுமார் 2.6 × 10¹⁶ எஞ்சும். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 80 கோடி ஆண்டுகள் ஆகும்.

பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்காஸ் 1876இல் இந்தச் சுவரை உடைத்தார் என்பதைவிடச் சுற்றிக்கொண்டு போனார் என்பதே பொருந்தும். அமியேன் நகரில் 1842இல் பிறந்த அவர், பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றி, 1870ஆம் ஆண்டுப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, பின்னர் பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். ஹனோய் கோபுரம் என்னும் விளையாட்டுப் புதிரை உருவாக்கியவரும் அவரே. எண்ணின் காரணிகளைத் தேடாமல், காரணி இருந்தால் அது எவ்வளவு பெரியதாக இருந்தாக வேண்டும் என்று மட்டும் கேட்கும் ஒரு சோதனையை அவர் அமைத்தார். அந்தச் சோதனையின் கருவி ஃபிபோனாச்சி எண்கள்.

1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று, முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வளரும் ஃபிபோனாச்சி வரிசையில் ஒவ்வொரு பகா எண்ணும் எங்காவது முதன்முறையாகக் காரணியாகத் தோன்றும். 3 நான்காம் இடத்தில் தோன்றுகிறது. 7 எட்டாம் இடத்தில், 21இன் காரணியாகத் தோன்றுகிறது. 11 பத்தாம் இடத்தில், 55இன் காரணியாகத் தோன்றுகிறது. 13 ஏழாம் இடத்தில் தானே வந்து நிற்கிறது. இதில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, ஒரு பகா எண் முதன்முதலில் தோன்றும் இடம் அந்த எண்ணைவிட ஒன்றுக்கு மேல் தள்ளிப்போகாது. இரண்டாவது, அது மறுபடியும் தோன்றும் இடங்கள் எல்லாம் முதல் இடத்தின் மடங்குகளே. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பின்வருமாறு வாதிக்கலாம். 2¹²⁷ − 1இன் பகாக் காரணி ஒன்று, எதுவாயினும் சரி, ஃபிபோனாச்சி வரிசையின் 2¹²⁷ஆம் உறுப்பை வகுக்கிறது, ஆனால் 2¹²⁶ஆம் உறுப்பை வகுக்கவில்லை என்று காட்ட முடிந்தால், அது முதலில் தோன்றிய இடம் 2¹²⁷இன் வகுத்தியாகவும் 2¹²⁶இன் வகுத்தியல்லாததாகவும் இருக்க வேண்டும். 2இன் அடுக்குக்கு 2இன் அடுக்குகளே வகுத்திகள் என்பதால், அப்படிப்பட்ட இடம் 2¹²⁷ ஒன்றுதான். முதல் இடம் அந்தக் காரணியைவிட ஒன்றுக்கு மேல் கூடுதலாக இருக்க முடியாது. எனவே அந்தக் காரணி குறைந்தது 2¹²⁷ − 1 ஆகும். காரணியே முழு எண்ணாகிவிட்டது. வேறு காரணிக்கு இடமில்லை.

இந்த வாதத்தில் மேலண்டை எண் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். 2¹²⁷க்குப் பதிலாக அங்கே பல பகா எண்களின் பெருக்கற்பலன் இருந்திருந்தால், முதல் இடத்துக்கான வாய்ப்புகள் பலவாகப் பெருகி, ஒவ்வொன்றையும் தனித்தனியே விலக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பாக அந்த அண்டை எண்ணையே காரணிப்படுத்த வேண்டியிருக்கும், அதுவே 39 இலக்க எண்ணுக்குப் பெரும்பாடு. இங்கோ அண்டை எண்ணின் காரணிகள் சொல்லாமலேயே தெரிந்தவை.

எஞ்சியது கணக்கிடும் வேலை. 2¹²⁷ஆம் ஃபிபோனாச்சி எண்ணை எழுதவே முடியாது. அதற்கான இலக்கங்களே 10³⁷ஐத் தாண்டும். ஆனால் 2¹²⁷ − 1ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி மட்டும் போதும், அதை எட்டும் பாதை மிகச் சிறியது. ஃபிபோனாச்சி வரிசையின் துணை வரிசை ஒன்றில் 2ஆம் உறுப்பு 3, 4ஆம் உறுப்பு 7, 8ஆம் உறுப்பு 47 என்று வரும். ஒன்றின் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழித்தால் இருமடங்கு இடத்திலுள்ள அடுத்தது கிடைக்கும். இப்படி 125 முறை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால், இறுதியில் மீதி பூச்சியமாக வருவதே 2¹²⁷ − 1 பகா எண் என்பதற்கான சான்று. 3இலிருந்து தொடங்கும் இந்த வடிவம், 4ஆல் வகுத்தால் 3 மீதி வரும் அடுக்குகளுக்கு உரியது; 127 அவ்வகையைச் சேர்ந்தது. 3க்குப் பதிலாக 4இலிருந்து தொடங்கினால் 2ஐவிடப் பெரிய எல்லாப் பகா அடுக்குகளுக்கும் இது செல்லும் என்று 1930இல் டெரிக் லேமர் செம்மைப்படுத்தினார். அதனால்தான் இன்று இது லூக்காஸ்–லேமர் சோதனை எனப்படுகிறது.

சிறிய உறவினர் ஒருவரை வைத்து இதைச் செய்து பார்ப்பது நல்லது. 2⁷ − 1 = 127. இங்கே 5 படிகள் போதும். 3, 7, 47 வரை வகுக்கத் தேவையில்லை. 47இன் வர்க்கம் 2209. 2ஐக் கழித்தால் 2207. 127ஆல் வகுத்தால் மீதி 48. 48இன் வர்க்கத்திலிருந்து 2 குறைந்தால் 2302; மீதி 16. 16இன் வர்க்கம் 256. 2 குறைந்தால் 254. அது 127இன் இருமடங்கு, மீதி பூச்சியம். 127 பகா எண் என்பதை அதன் ஒரு காரணியைக்கூடத் தேடாமல் நிறுவிவிட்டோம். இதற்கு மாறாக 2¹¹ − 1 = 2047ஐ எடுத்தால், 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று சென்று மீண்டும் 160க்கே திரும்புகிறது; அதன் பிறகு எத்தனை படி போனாலும் அதே வட்டம்தான், பூச்சியம் வரப்போவதில்லை. 2047 = 23 × 89. ஆனால் 23ஐயும் 89ஐயும் இந்தச் சோதனை நமக்குச் சொல்வதில்லை. பகு எண் என்ற தீர்ப்பை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்காஸ் 1876இல் அறிந்திருந்தும், 193707721 × 761838257287 என்ற அதன் காரணிகளை ஃபிராங்க் கோல் வெளியிட 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

மேலே 16 வந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் அங்கே ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. பூச்சியத்துக்கு முந்தைய எண்ணின் வர்க்கம், மீதிக் கணக்கில், 2 ஆக இருக்க வேண்டும். அதாவது அந்த எண் 2இன் வர்க்கமூலம். 2¹²⁷ − 1ஆல் வகுத்து மீதி காணும்போது 2¹²⁷ என்பது 1க்குச் சமம். ஆகவே 2¹²⁸ என்பது 2க்குச் சமம். எனவே 2இன் வர்க்கமூலம் 2⁶⁴, அல்லது அதன் எதிர்க்குறி எண். வகு எண் பகா எண்ணாக இருந்தால் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வர்க்கமூலம் கிடையாது. 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் மட்டும் எண்களை எழுதும் இரும முறையில் 2⁶⁴ என்பது ஒரே ஒரு 1 மட்டும் உள்ள எண். அதன் எதிர்க்குறி எண்ணோ 127 இடங்களில் ஓரிடம் தவிர மற்றெல்லாம் 1ஆக இருப்பது. ஆக, 124 படிகள் எந்த ஒழுங்கும் புலப்படாமல் ஓடிவந்த இலக்கங்கள், கடைசிக்கு முந்தைய வரிசையில் திடீரென்று ஒற்றைக் காயாகவோ, ஒற்றை இடைவெளியாகவோ ஒடுங்கும். விடை பூச்சியம் என்பது அந்த வரிசையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

காய் என்று சொன்னது உவமைக்காக அல்ல. லூக்காஸ் இந்தக் கணக்கை இரும முறையில், பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட, சதுரங்கப் பலகை போன்ற ஒன்றின்மேல் காய்களை வைத்தும் நகர்த்தியும் செய்யும் விளையாட்டாக விவரித்தார். பத்தடிமான முறையில் 999ஆல் வகுக்கும்போது எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டிக் கூட்டினால் போதும் என்பது பள்ளிக் கணக்கில் பழகியதே: 123456க்கு 123 + 456 = 579 என்பதே மீதி. அதே வித்தை இருமத்தில் 2¹²⁷ − 1க்குப் பொருந்துகிறது. 127 இடங்களைத் தாண்டி வெளியே வழியும் இலக்கங்களை எடுத்து வலது ஓரத்திலிருந்து மறுபடி கூட்டிவிட்டால் வகுத்தல் முடிந்தது. முன்பு கண்ட 2302ஐயே எடுத்துக்கொண்டால், அது 17 × 128 + 126. 17உம் 126உம் சேர்ந்து 143. அது 128 + 15. 1உம் 15உம் சேர்ந்து 16. வகுத்தல் என்ற செயலே இல்லை. மடித்துக் கூட்டுவது மட்டும்தான். வர்க்கம் எடுப்பதும் எளிது: எண்ணில் 1 உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் அந்த எண்ணையே ஒரு வரிசையாக, உரிய அளவு இடம் தள்ளி, பலகையின் ஒரு விளிம்பில் வெளியேறுவதை மறு விளிம்பில் நுழைத்து எழுத வேண்டும், பிறகு நெடுக்கு வரிசைகளைக் கூட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு லூக்காஸ் 19 ஆண்டுகள் செலவிட்டார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்படியானால் அவர் 15 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்; சோதனைக்கு அடிப்படையான கோட்பாட்டை அவர் வளர்த்ததோ 1870களின் நடுவில். வேலையின் அளவும் அந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. ஒரு வர்க்கத்துக்குச் சராசரியாக 64 வரிசைகள் என்றால் 125 வர்க்கங்களுக்கு 8,000 வரிசைகள். கூட்டலையும் சேர்த்து வரிசைக்குச் சில நிமிடங்கள் கொடுத்தாலும் சில நூறு மணி நேரத்தில் முடியக்கூடியது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒரு மனிதர் ஓராண்டின் மாலை வேளைகளில் செய்து முடிக்கக்கூடியது.

கையால் செய்த இத்தனை நீண்ட கணக்கில் தவறு நேர்ந்திருக்காதா என்ற கேள்வி இயல்பாக எழும். இங்கே இந்தச் சோதனைக்கு ஒரு விசித்திரமான சமனின்மை உண்டு. எங்கோ ஓரிடத்தில் ஒரு காய் தவறிப்போயிருந்தால், அதன் பின் வரும் எல்லா மீதிகளும் கலைந்துவிடும். கலைந்த பிறகு இறுதியில் தற்செயலாகப் பூச்சியம் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2¹²⁷இல் ஒன்று. ஆகவே பூச்சியம் வந்தது என்பதே கணக்கு சரியாக நடந்தது என்பதற்கும் சான்றாகிறது. பூச்சியம் வராதபோதுதான் சிக்கல்: எண் பகு எண் என்பதாலா, நம் கை தவறியதாலா என்று பிரித்தறிய வழியில்லை, முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். 2¹²⁷ − 1 முதல் வகையைச் சேர்ந்தது. 1914இல் ஃபோகம்பெர்க் என்னும் பிரெஞ்சுக்காரர் அதை மீண்டும் நிறுவி உறுதிப்படுத்தினார்.

இப்போது கீழண்டை எண்ணுக்கு வருவோம். 2¹²⁷ − 2 என்பது 2 × (2⁶³ − 1) × (2⁶³ + 1). இவை மேலும் உடைந்து, முழுமையாக 2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929 என்று பிரிகின்றன. 39 இலக்க எண் ஒன்று இவ்வளவு சிறு துண்டுகளாக நொறுங்குவது பொதுவாக எதிர்பார்க்கத்தக்கதன்று. 126 என்னும் அடுக்குக்கு வகுத்திகள் பல இருப்பதால் வந்த விளைவு இது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பகா எண்ணின் கீழண்டை எண்ணை முழுவதும் காரணிப்படுத்த முடிந்தால், அதை வைத்தே அது பகா எண் என்பதற்கு வேறொரு சான்று எழுதலாம். எனவே இன்று லூக்காஸின் முடிவை அவர் வழியைத் தொடாமலே சரிபார்க்க முடியும். தீமை குறியாக்கத்தில் தெரியும். ஓர் எண்ணை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் கொடுத்த மீதி வரும் என்று கண்டுபிடிப்பது கடினம் என்பதை நம்பி அமைந்த மறையீட்டு முறைகள் பல உண்டு. அந்த அடுக்கு கீழண்டை எண்ணின் காரணிகளுக்கேற்ப தனித்தனித் துண்டுகளாகத் தேடத்தக்கது என்பதை 1978இல் போலிக், ஹெல்மன் இருவரும் வெளியிட்டனர். நம் எண்ணில் மிகப் பெரிய துண்டே 11 இலக்க எண். அதற்கான தேடல் அதன் வர்க்கமூலத்தின் அளவில், அதாவது சுமார் 2.78 லட்சம் படிகளின் மடங்கில் முடிந்துவிடும். அந்த வகைப் பூட்டுக்கு 2¹²⁷ − 1 சற்றும் ஏற்றதன்று.

ஆனால் மற்றொரு வகைப் பூட்டுக்கு அது மிகவும் ஏற்றதாக அமைந்தது. நீள்வட்ட வளைவரைகளை அடிப்படையாகக் கொண்ட குறியாக்கத்தில் பாதுகாப்பைத் தீர்மானிப்பது வளைவரையின் மேலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. மீதிக் கணக்கு எந்தப் பகா எண்ணால் நடக்கிறது என்பது பெரும்பாலும் வேகத்தையே தீர்மானிக்கும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கிரெய்க் காஸ்டெல்லோ, பாட்ரிக் லோங்கா இருவரும் 2015இல் வெளியிட்ட ஃபோர்க்யூ என்னும் வளைவரை 2¹²⁷ − 1ஐ அடித்தளமாகக் கொண்டது. இந்த எண்ணின் மீதிகள் 127 இரும இலக்கங்களுக்குள் அடங்குவதால், 64 இரும இலக்கங்கள் கொண்ட இரண்டு கணினிச் சொற்களில் ஓர் இடம் மிச்சம் வைத்து உட்கார்ந்துகொள்கின்றன. பெருக்கிய பின் மீதி காண்பதற்கு லூக்காஸின் பலகையில் நடந்த அதே மடித்துக் கூட்டலே போதும். மேலும், இந்த எண்ணை 4ஆல் வகுத்தால் 3 மீதி வருவதால், இதன் மீதிகளுக்கிடையே −1க்கு வர்க்கமூலம் கிடையாது. ஆகவே சிக்கலெண்களில் செய்வதுபோல, −1இன் வர்க்கமூலம் ஒன்றை வெளியிலிருந்து சேர்த்துக்கொண்டு, இரட்டிப்பு அளவுள்ள எண்கணிதத்தை எளிதாகக் கட்டலாம். ஃபோர்க்யூ அப்படிக் கட்டப்பட்டதே.

வர்க்கமூலம் காண்பதிலும் மேலண்டை எண் கைகொடுக்கிறது. மீதிக் கணக்கில் ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் உண்டென்றால், அந்த எண்ணை 2¹²⁷இன் நான்கில் ஒரு பங்குக்கு, அதாவது 2¹²⁵ஆவது அடுக்குக்கு, உயர்த்தினால் அது கிடைத்துவிடும். அடுக்கு 2இன் தூய அடுக்காக இருப்பதால் 125 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் வேலை முடிந்தது; இடையில் வேறு பெருக்கல் ஒன்றுகூட இல்லை. இதன் தம்பிமுறையான 2⁵²¹ − 1உம் அமெரிக்க அரசின் தரநிர்ணயத்தில் இடம்பெற்ற ஒரு வளைவரைக்கு அடித்தளமாக இருக்கிறது என்பது தற்செயலன்று. இப்படிப்பட்ட எண்கள் பயனற்ற வேடிக்கைப் பொருள்கள் என்றும், எனவே ஆய்லரின் 2³¹ − 1ஐத் தாண்டிப் போக எவரும் முயலப்போவதில்லை என்றும் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயக் கணிதர் 1811இல் எழுதினார். தாண்டிப் போனவர்களில் பெரும்பாலோர் பயனை எண்ணிப் போகவில்லை என்ற அளவில் அவர் பாதி சரி.

75 ஆண்டு ஆட்சி 1951இல் முடிந்தபோதும் இந்த எண் முழுவதுமாக விலகிவிடவில்லை. அந்த ஆண்டில் ஃபெரியே என்பவர் மேசைக் கணிப்பொறியின் துணையோடு (2¹⁴⁸ + 1) ÷ 17 என்னும் 44 இலக்கப் பகா எண்ணை நிறுவினார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியைக் கொண்டு 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டனர்; அது 180 × (2¹²⁷ − 1)² + 1. பழைய எண்ணின் வர்க்கத்தையே அவர்கள் எடுத்துக்கொண்டதில் நோக்கம் இருந்தது. புதிய எண்ணின் கீழண்டை எண் 180 × (2¹²⁷ − 1)² என்பதால், அதன் காரணிகள் முன்னரே முழுமையாகத் தெரியும். அதனால் புதியதைப் பகா எண் என்று நிறுவுவது எளிதாகிறது. பகா எண் ஒன்று மற்றொன்றுக்கு ஏணியாவது இப்படித்தான். அடுத்த ஆண்டு, 1952 ஜனவரி 30ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் கணினியில் ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 ஆகிய இரண்டையும் கண்டுபிடித்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் மூன்று வந்தன. கையால் கணக்கிட்டு நிறுவப்பட்ட பகா எண்களில் 2¹²⁷ − 1ஐவிடப் பெரியது இல்லை.

இன்று நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண், 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2இன் அடுக்கு 13,62,79,841 என்று வைத்து 1ஐக் கழித்தால் வரும் அந்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். லூக் டுரான்ட் என்பவர் வரைகலைச் செயலிகளை உலகின் பல இடங்களில் வாடகைக்குப் பிடித்து நடத்திய தேடலில் அது அகப்பட்டது. ஆனால் இறுதித் தீர்ப்பு சொன்னது அதே லூக்காஸ்–லேமர் சோதனை. எந்த எண்ணையும் அதன் வடிவம் பாராமல் நியாயமான காலத்துக்குள் சோதிக்கும் வழி ஒன்று உண்டு என்பதைக் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் நிறுவினர். கோட்பாட்டளவில் அது பெரிய வெற்றி. இருந்தும் இத்தகைய ராட்சத எண்களுக்கு அதை யாரும் பயன்படுத்துவதில்லை. 2இன் தூய அடுக்கை மேலண்டையாகக் கொண்ட எண்ணுக்குக் கிடைக்கும் வசதி பொதுவழியில் கிடைக்காது.

2¹²⁷ − 1ஐச் சுற்றி இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது. லூக்காஸின் அறிவிப்பை ஒட்டி, பெல்ஜியக் கணிதர் காத்தலான் ஒரு வரிசையைச் சுட்டிக்காட்டினார். 2இல் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் 2இன் அடுக்காக வைத்து 1ஐக் கழித்துக்கொண்டே போனால் 2, 3, 7, 127, 2¹²⁷ − 1 என்று வருகின்றன. இந்த ஐந்தும் பகா எண்கள். ஆறாவது எண்ணும் பகா எண்தானா? ஐந்து முறை வாய்த்தது என்பதை வைத்து ஆறாவதும் வாய்க்கும் என்று நம்புவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதல் நான்கு எண்கள் மிகச் சிறியவை. சிறிய எண்களிடையே பகா எண்கள் மலிந்திருப்பதால் இத்தகைய ஒழுங்குகள் எளிதில் தோன்றிவிடும். 8191 என்னும் மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்தாலும் பகா எண்ணே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் ஒருகாலத்தில் இருந்தது. மேலே கண்ட அதே வீலர் 1953இல் இலியாக் கணினியைக் கொண்டு அது பகு எண் என்று காட்டினார். அதன் ஒரு காரணியான 338193759479 பின்னர் 1976இல் கிடைத்தது.

காத்தலானின் ஆறாவது எண்ணுக்கு ஏறத்தாழ 5 × 10³⁷ இலக்கங்கள் இருக்கும். லூக்காஸின் சோதனை அதற்கும் பொருந்தும், ஆனால் சுமார் 1.7 × 10³⁸ முறை வர்க்கப்படுத்த வேண்டும். அதற்கு முன் ஒரேயொரு மீதியை எழுதி வைப்பதற்கான நினைவகமே உலகில் இல்லை. எஞ்சியிருப்பது ஆய்லர் காலத்து வழி ஒன்றுதான்: காரணி இருந்தால் அது 2 × (2¹²⁷ − 1)இன் மடங்கைவிட 1 கூடியதாக இருக்க வேண்டும் என்பதால், அந்த வடிவிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. 10⁵⁰ஐத் தாண்டித் தேடியும் இதுவரை காரணி எதுவும் சிக்கவில்லை. சிக்கினால் ஆறாவது எண் பகு எண் என்று கேள்வி முடிந்துவிடும். அது பகா எண்ணாகவே இருந்தால், இன்று கையிலுள்ள எந்த முறையாலும் அதை நிறுவ முடியாது.